எரிமலைப் பாறையில தங்கமும் வெள்ளியும்: ஏன் ஒரு குறிப்பிட்ட ஆழத்துல மட்டும்?

கல்தேடி:

எல்லாருக்கும் வணக்கம். எம்எஸ்சி ஜியாலஜி படிக்கிறேன், செமினாருக்கு எபிதெர்மல், அதாவது மேற்பரப்புக்கு பக்கத்துல வெந்நீர் படிய வச்ச தங்க வெள்ளிச் சுரங்கம்னு தலைப்பு எடுத்திருக்கேன். புக்ல இருக்குறத அப்படியே ஒப்பிச்சிட்டு வந்துடலாம், ஆனா எனக்கே புரியாத ஒண்ண நாலு பேரு முன்னாடி நின்னு சொல்ல மனசு வரல, அதான் இங்க கேக்குறேன்.

ஆண்டிசைட்ங்கற எரிமலைப் பாறைக்குள்ள ஓடுற ஒரு வெயினோட, அதாவது பிளவ நிரப்புன கனிமப் பட்டையோட, நீளவாக்குல வெட்டிக் காட்டுற லாங் செக்‌ஷன் படம் பாத்துட்டு இருந்தேன். மேலேருந்து கீழ வரைக்கும் அதே ஃபால்ட் (பாறை உடைஞ்சு நகர்ந்த பிளவு), அதே குவார்ட்ஸ். ஆனா தங்கம் மட்டும் நடுவுல ஒரு முன்னூறு மீட்டர் பட்டையில தான் இருக்கு. அதுக்கு மேல பாதரசமும் ஆன்டிமனியும் லேசா காட்டுது, தங்கம் இல்ல. அதுக்கு கீழ போனா ஈயம், துத்தநாகம் கொஞ்சம், அப்புறம் வெறும் குவார்ட்ஸ். தண்ணி கீழேருந்து மேல வந்துச்சுன்னா வழி பூரா தங்கத்த விட்டுட்டு தானே வந்திருக்கணும்? ஏன் அந்த இடத்துல மட்டும் இறக்கி வச்சுது? அப்புறம் தங்கம் எங்கேருந்து வருது, சுத்தி இருக்குற எரிமலைப் பாறையிலேருந்தா இல்ல கீழ இருக்குற மேக்மாவுலேருந்தா? எரிமலைப் பாறைன்னாலே தங்கம் இருக்கும்னு சொல்லலாமா? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

பாறைநேசன்:

தம்பி, மேக்மாலயே தங்கம் கரைஞ்சு இருக்கும், லாவா மேல வந்து ஆறுறப்ப தங்கம் தனியா பிரிஞ்சு வெடிப்புல போய் உக்காந்துடும். அண்டார்டிகாவுல எரிபஸ் எரிமலை வாயுவோட சேத்து தங்கத் துகளையும் வெளிய விடுது, ஒரு நாளைக்கு சுமார் 80 கிராம்னு கணக்கு போட்டிருக்காங்க. அதனால எரிமலை இருக்குற இடத்துல தங்கமும் இருக்கும்னு தான் நான் நினைக்கிறேன்.

வெந்நீர்ஊற்று:

பாறைநேசன் சார், எரிபஸ் விஷயம் உண்மை தான். ஆனா லாவா ஆறும்போது தங்கம் பிரிஞ்சு வெடிப்புக்குள்ள போகுதுங்கறது இந்த மாதிரி சுரங்கத்துக்கு பொருந்தாது. ஜப்பான்ல கியூஷு தீவுல ஹிஷிகாரி சுரங்கம் இருக்கு, உலகத்துலயே ரொம்ப செறிவான தங்கச் சுரங்கங்கள்ல ஒண்ணு, டன்னுக்கு 20 கிராமுக்கு மேல. 1981ல ட்ரில் பண்ணி கண்டுபிடிச்சாங்க, 1985லேருந்து எடுத்துட்டு இருக்காங்க. அங்க வெயினோட மேல் பகுதி தான் ஆண்டிசைட்டுக்குள்ள இருக்கு, கீழ் பகுதி அதுக்கு அடியில இருக்குற பழைய வண்டல் பாறைக்குள்ள, ஷிமான்டோன்னு சொல்ற களிப்பாறையும் மணற்பாறையும், அந்தப் பாறை கிரெட்டேசியஸ் காலத்துது. வெயினுக்கு வயசு சுமார் பத்து லட்சம் வருஷம் தான். அதே வெயின் ரெண்டு பாறையையும் வெட்டிட்டு போகுது, ரெண்டுலயும் தங்கம் இருக்கு, சொல்லப்போனா நல்ல தாது நிறைய அந்த வண்டல் பாறைக்குள்ளயும் ரெண்டும் சந்திக்கிற எல்லையிலயும் தான். லாவா ஆறி தங்கம் பிரிஞ்சிருந்தா இது எப்படி நடக்கும்?

எரிமலை அங்க ரெண்டு காரியம் பண்ணுது. சூடு குடுக்குது, கீழேருந்து கந்தகமும் கார்பன் டை ஆக்சைடும் கொஞ்சம் உலோகமும் அனுப்புது. மத்தபடி வேலைய முழுக்க செய்யறது தண்ணி. அந்தத் தண்ணியில பெரும்பகுதி மழைத்தண்ணி தான், பூமிக்குள்ள இறங்கி சூடாகி திரும்ப மேல வர்றது, ஆக்சிஜன் ஹைட்ரஜன் ஐசோடோப்ப வச்சு இத பல சுரங்கத்துல பாத்திருக்காங்க. கல்தேடி கேட்ட ரெண்டாவது கேள்விக்கும் இதுல பாதி பதில் இருக்கு, தண்ணியோட மூலம் வேற, தங்கத்தோட மூலம் வேறயா இருக்கலாம். தங்கத்துல பெரும்பகுதி மேக்மாலேருந்து வர்ற திரவத்துல தான் வருதுங்கறது என் கருத்து, பாறையிலேருந்து கழுவிட்டு வர்றதும் கொஞ்சம் இருக்கும், அதுல இன்னும் வாதம் ஓடிக்கிட்டு தான் இருக்கு.

இப்ப முக்கியமான கேள்வி, ஏன் அந்த முன்னூறு மீட்டர். ஒரே வார்த்தையில சொன்னா கொதி. தண்ணி எங்க கொதிக்குதோ அங்க தங்கம் இறங்குது.

தங்கம் சும்மா தண்ணியில கரையாது. இந்த மாதிரி நடுநிலையான, உப்பு கம்மியான, 200லேருந்து 300 டிகிரி வரைக்கும் சூடான தண்ணியில அது பைசல்ஃபைடோட சேந்து தான் கரைஞ்சு வரும், அதாவது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு தண்ணியில கரைஞ்சு இருக்குற வரைக்கும் தங்கத்துக்கு பிடிமானம் இருக்கு. ஆழத்துல மேல நிக்கிற தண்ணியோட அழுத்தம் அதிகம், அதனால 300 டிகிரியிலயும் கொதிக்காம திரவமாவே இருக்கும். மேல ஏற ஏற அழுத்தம் குறையும், ஒரு இடத்துல கொதி ஆரம்பிக்கும். சோடா பாட்டில் மூடிய திறந்த உடனே கேஸ் புஸ்ஸுன்னு வெளிய வருதுல்ல, அதே தான், ஹைட்ரஜன் சல்ஃபைடும் கார்பன் டை ஆக்சைடும் நீராவியோட சேந்து ஓடிடும். பிடிமானம் போச்சு, தங்கம் அங்கயே விழுந்துடும். கீழ விழாததுக்கு காரணம் அங்க கொதி இல்ல, மேல இல்லாததுக்கு காரணம் அங்க வர்றப்ப தண்ணியில தங்கம் மிச்சம் இல்ல.

ஆழக் கணக்கும் போட்டு பாக்கலாம். சுத்தமான தண்ணி, மேல வரைக்கும் திறந்த வழின்னு வச்சுக்கிட்டா 200 டிகிரி தண்ணி நீர்மட்டத்துலேருந்து சுமார் 165 மீட்டர் ஆழத்துல கொதிக்கும், 250 டிகிரின்னா 460 மீட்டர் கிட்ட, 300 டிகிரின்னா 1100 மீட்டர் கிட்ட. எபிதெர்மல் தாதுக்கள் பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர், ஒன்றரை கிலோமீட்டருக்குள்ளயே இருக்கறதுக்கு இது தான் காரணம். உங்க படத்துல இருக்குற முன்னூறு மீட்டர் பட்டை கொதிமட்டம் மேலயும் கீழயும் ஆடுன எல்லை.

இது காகிதத்துல எழுதுன கதை இல்ல, கண்ணால பாத்தது. நியூசிலாந்துல ஓஹாகி நிலவெப்ப மின்நிலையத்துல ஆழத்துலேருந்து வர்ற வெந்நீர்ல தங்கம் டன்னுக்கு ஒன்றரை மில்லிகிராம் அளவுல தான் இருக்கு, ஒண்ணுமே இல்லன்னு சொல்லலாம். ஆனா கிணத்துத் தலையில அழுத்தம் சடார்னு குறையற தகடு ஒண்ணு குழாய்க்குள்ள இருக்கு, அதுல படிஞ்ச படிவத்த சுரண்டி அசே பண்ணா, அதாவது உலோக அளவ சோதிச்சா, தங்கமும் வெள்ளியும் சதவீதக் கணக்குல இருந்துச்சு. அழுத்தம் விழுந்த இடம், கொதிச்ச இடம், தங்கம் விழுந்த இடம் மூணும் ஒரே இடம். இதவிட நல்ல சோதனைய லேப்ல கூட பண்ண முடியாது.

கல்தேடி:

ஐயோ சார், இவ்வளவு தெளிவா எனக்கு யாரும் சொன்னதில்ல, ரொம்ப நன்றி. ஆனா டன்னுக்கு ஒன்றரை மில்லிகிராம் தண்ணிய வச்சு ஒரு பெரிய சுரங்கம் உருவாகணும்னா கோடிக்கணக்கான வருஷம் ஆகாதா? அவ்வளவு நாள் ஒரு வெந்நீர் ஊற்று உயிரோட இருக்குமா?

வெந்நீர்ஊற்று:

இந்தக் கேள்விக்கு நேரடியான பதில் பப்புவா நியூ கினியில லிஹிர் தீவுல இருக்கு. லூயிஸ்னு ஒரு எரிமலை, அதோட ஒரு பக்கம் முழுசா இடிஞ்சு கடலுக்குள்ள சரிஞ்சு போச்சு, அந்தப் பள்ளத்துல தான் லடோலாம் தங்கப் படிவு. சுரங்கம் தோண்டற இடத்துலயே இன்னும் நீராவி வருது, நிலம் சுடுது. 2006ல அங்க ஆழமான கிணறுகள்லேருந்து மாதிரி எடுத்து பாத்தப்ப வெந்நீர்ல தங்கம் டன்னுக்கு சுமார் 15 மில்லிகிராம், தண்ணி ஓடுற வேகத்தோட பெருக்கினா வருஷத்துக்கு 24 கிலோ தங்கம் மேல வருது. அங்க இருக்குற தங்கம் சுமார் 1300 டன். வகுத்துப் பாருங்க, 55,000 வருஷத்துக்குள்ள முடிஞ்சிடும். ஜியாலஜியில இது ஒரு நொடி. அதனால தங்கம் நிறைய இருக்கணும்ங்கறத விட வந்த தங்கத்த ஒரே இடத்துல ஒழுங்கா இறக்கி வைக்கணும்ங்கறது தான் முக்கியம். உலகத்துல நிறைய வெந்நீர் ஊற்றுல தங்கம் இருக்கு, அது பூரா சிதறி கடலுக்குப் போகுது, அவ்வளவு தான்.

மலைச்சாரல்:

இந்தத் திரட்ட அமைதியா படிச்சுட்டு இருந்தேன், ஒரு சந்தேகம். கோலாரும் எரிமலைப் பாறை தானே? பழைய பசால்ட்டுன்னு படிச்சிருக்கேன். அதுவும் இதே கதையா?

வெந்நீர்ஊற்று:

இல்லங்க, நல்ல கேள்வி. கோலார்ல பாறை எரிமலையில பிறந்தது தான், ஆனா அது 270 கோடி வருஷத்துக்கு முந்தின பசால்ட், அழுத்தத்துலயும் சூட்டுலயும் மாறி ஆம்ஃபிபோலைட் ஆயிடுச்சு. தங்கம் வந்தது எரிமலை ஓஞ்சு, பாறைகள் மடிஞ்சு நசுங்கி, பல கிலோமீட்டர் ஆழத்துல இருந்தப்ப. அங்க மேற்பரப்புக்கு பக்கத்துல கொதிக்கிற கதையே கிடையாது. வித்தியாசம் சுரங்கத்துலயே தெரியும், கோலார்ல லோட, அதாவது தாதுப் பட்டைய, விடாம புடிச்சு மூணு கிலோமீட்டருக்கு மேல கீழ போனாங்க, 2001ல மூடுற வரைக்கும். எபிதெர்மல்ல அப்படி போக முடியாது, சில நூறு மீட்டர்ல முடிஞ்சிடும், அதுக்கு கீழ கேலரி (சுரங்கப் பாதை) போட்டா பணம் தான் போகும். கோலார்ல வெள்ளியும் கம்மி.

எரிமலைன்னாலே தங்கமான்னு கல்தேடி கேட்டதுக்கும் சேத்து சொல்லிடறேன். ஹவாய்ல எவ்வளவு எரிமலை, ஒரு தங்கச் சுரங்கம் கூட கிடையாது. கடல் தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில சொருகுற இடத்துல வர்ற மேக்மாவுல தண்ணி அதிகம், ஆக்சிஜன் ஏறி இருக்கும், அதனால கந்தகம் ஆழத்துலயே சல்ஃபைடா பிரிஞ்சு தங்கத்த தன்னோட இழுத்துட்டு தங்கிடறதில்ல, மேல வர்ற வாயுவோடயும் திரவத்தோடயும் சேந்து வரும். பசிபிக் கடல சுத்தி ஜப்பான், பிலிப்பைன்ஸ், நியூசிலாந்து, பெரு, மெக்சிகோன்னு வரிசையா இந்தச் சுரங்கங்கள் இருக்கறது தற்செயல் இல்ல.

கனிமக்கலை:

கொதி பத்தி வெந்நீர்ஊற்று அண்ணா சொன்னது சரி. ஆனா தலைப்புல வெள்ளியும் இருக்கே, அத யாரும் தொடல, நான் தாதுக் கனிமங்கள மைக்ரோஸ்கோப்புல பாக்குற ஆளு, அதனால கொஞ்சம் சொல்றேன்.

வெள்ளிக்கு தங்கத்தோட குணம் முழுசா கிடையாது. தங்கம் கந்தகத்த புடிச்சுக்கிட்டு வரும், வெள்ளி இந்த சூட்டுல பெரும்பாலும் உப்புல இருக்குற குளோரைடு அயனிய புடிச்சுக்கிட்டு வரும். அதாவது தண்ணியில உப்பு எவ்வளவுங்கறது வெள்ளியோட தலையெழுத்த தீர்மானிக்குது. உப்பு ஒண்ணு ரெண்டு சதவீதம் கூட இல்லாத தண்ணின்னா தங்கம் முக்கியமா இருக்குற வெயின் வரும், ஹிஷிகாரி மாதிரி. உப்பு ஏற ஏற வெள்ளி, ஈயம், துத்தநாகம் எல்லாம் சேந்து வரும், மெக்சிகோவுல பச்சூக்கா, ஃப்ரெஸ்னில்யோ மாதிரி வெள்ளிச் சுரங்கங்கள் இந்த ரகம். உங்க படத்துல கீழ ஈயமும் துத்தநாகமும் வர்றதுக்கும் இதே காரணம் தான் கல்தேடி, அதுங்களும் குளோரைடு கூட்டாளி, கொஞ்சம் சூடு அதிகமா இருக்குற கீழ்ப்பக்கத்துலயே கலேனாவாவும் (ஈயத் தாது) ஸ்ஃபாலரைட்டாவும் (துத்தநாகத் தாது) படிய ஆரம்பிச்சிடும். இந்த ரகத்துல கொதி மட்டும் காரணம்னு நான் சொல்ல மாட்டேன், மேலேருந்து இறங்குற குளுந்த தண்ணியோட கலக்குறதும் சூடு தணியறதும் பெரிய பங்கு வகிக்குது. அண்ணா எல்லாத்தையும் கொதிக்குள்ள அடக்குறது எனக்கு கொஞ்சம் ஒப்புக்கல.

ஒரு நல்ல வெயின் துண்ட வெட்டி பாலிஷ் பண்ணி கையில வாங்கிப் பாருங்க. வெள்ளையும் சாம்பலுமா மெல்லிசு மெல்லிசான பட்டை, சால்செடோனி (நுண்படிக சிலிக்கா), குவார்ட்ஸ், அடுலேரியா (ஒரு வகை ஃபெல்ஸ்பார்) மாறி மாறி, ஓரத்துலேருந்து நடு நோக்கி வளந்திருக்கும், சில இடத்துல திராட்சைக் கொத்து மாதிரி வளைவு வளைவா. அதுக்கு நடுவுல ஒரு மில்லிமீட்டர், ரெண்டு மில்லிமீட்டர் கருப்புக் கோடு ஓடும். லென்ஸ் வச்சுப் பாத்தா கூட கரித்தூள் மாதிரி தான் தெரியும், பளபளன்னு மஞ்சள் எதுவும் கண்ணுல படாது. அந்தக் கோட்டுல தான் எல்லாமே. வெள்ளித் தாதுக்களான அகாந்தைட், பைரார்கைரைட், செலினியம் இருக்குற இடத்துல நௌமன்னைட், அதுக்குள்ள புள்ளி புள்ளியா எலக்ட்ரம், அதாவது தங்கமும் வெள்ளியும் இயற்கையிலயே கலந்த உலோகம், வெளிறின மஞ்சளா இருக்கும், வெள்ளி அதிகமானா கிட்டத்தட்ட வெள்ளையாவே இருக்கும். பக்கத்துல இருக்குற அகலமான அழகான வெள்ளைப் பட்டைய அசே பண்ணா சில சமயம் ஒண்ணுமே வராது.

1859ல நெவாடாவுல காம்ஸ்டாக்ல இது தான் நடந்துச்சு. தங்கம் அரிச்சவங்களுக்கு தொல்லையா ஒரு நீலக் கருப்புச் சேறு வந்து அடைச்சுக்கிட்டே இருந்துச்சு, திட்டிக்கிட்டே வாரி வெளிய கொட்டினாங்க. கடைசியில அத அசேக்கு அனுப்புனப்ப தான் தெரிஞ்சுது அது வெள்ளி சல்ஃபைடு, அவங்க தேடுன தங்கத்த விட மதிப்பு ஜாஸ்தி. அங்கயும் கீழ போகப் போக பாறையிலேருந்து வெந்நீர் பீறிட்டு வந்து ஆளுங்க படாத பாடு பட்டாங்க. ஹிஷிகாரியிலயும் வெயினுக்குள்ள 65 டிகிரி தண்ணி இருக்கு, அத பம்ப் பண்ணி வெளிய எடுத்தா தான் தோண்டவே முடியும், எடுத்த தண்ணியில ஒரு பகுதி பக்கத்து வெந்நீர்க் குளியல் ஊருக்கு போகுது.

பாறைநேசன்:

விளக்கத்துக்கு நன்றி ரெண்டு பேருக்கும். திரவத்தோட கந்தக நிலைய வச்சு ஹை சல்ஃபிடேஷன், லோ சல்ஃபிடேஷன்னு பிரிக்கிறாங்களே, இதுவரைக்கும் பேசுனது எல்லாம் லோ தானா? பெருவுல யனகோச்சா எந்த வகை? அங்க வெயின் படமே நான் பாத்ததில்ல, மலை முழுக்க தோண்டற மாதிரி தான் இருக்கு.

கனிமக்கலை:

சரியா புடிச்சீங்க சார், யனகோச்சா ஹை சல்ஃபிடேஷன். அங்க நடந்தது வேற மாதிரி. மேக்மா மேற்பரப்புக்கு கிட்ட இருக்கு, அதோட வாயு நிலத்தடி நீரோட அதிகம் பழகாம நேரா மேல வருது. அதுல இருக்குற சல்ஃபர் டை ஆக்சைடு தண்ணியில சேந்து கந்தக அமிலம் ஆயிடும், ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கூட இருக்கும். பிஹெச் ரெண்டுக்கும் கீழ. அந்த அமிலம் ஆண்டிசைட்ட தின்னுட்டு போகுது, ஃபெல்ஸ்பார் போச்சு, ஹார்ன்பிளெண்ட் போச்சு, அலுமினியம் கூட கரைஞ்சு போச்சு, மிஞ்சுறது சிலிக்கா மட்டும். பாறைய கையில எடுத்தா ஃபெல்ஸ்பார் படிகம் இருந்த இடத்துல அதே நீள்சதுர வடிவத்துல வெறும் ஓட்டை இருக்கும், பாறையோட பழைய உருவம் அப்படியே இருக்கும் ஆனா உள்ள உயிர் இருக்காது. சுத்தி அலூனைட், கயோலினைட், டிக்கைட்டுன்னு அமிலத்துல உருவான கனிமங்கள் வெள்ளை வெள்ளையா ஓரம்.

இதுல முக்கியமான விஷயம், அந்த அமிலம் தங்கத்த கொண்டு வரல, அது வழிய மட்டும் திறந்து வச்சுது. ஓட்டை ஓட்டையான பாறையில பின்னாடி வந்த திரவம் தான் எனர்ஜைட் (செம்பு ஆர்சனிக் சல்ஃபைடு), பைரைட் (இரும்பு சல்ஃபைடு), தங்கம் எல்லாத்தையும் கொண்டு வந்து நிரப்புச்சு. அதனால தான் வெயினா இல்லாம மலை முழுக்க பரவி இருக்கு. பிலிப்பைன்ஸ்ல லெபான்டோவுல எனர்ஜைட் தாதுக்கு பக்கத்துலயே கீழ ஃபார் சவுத்ஈஸ்ட்னு ஒரு போர்ஃபிரி, அதாவது மேக்மா ஊடுருவலச் சுத்தி பரவுன செம்பு தங்கப் படிவு இருக்கு, ரெண்டோட வயசும் கிட்டத்தட்ட ஒண்ணு, மேலயும் கீழயும் ஒரே மேக்மாவோட வேலைங்கறதுக்கு நல்ல ஆதாரம்.

இந்த ஹை சல்ஃபிடேஷன் தாதுல ஆர்சனிக் அதிகம், அமிலம் விடற பைரைட் அதிகம், பாறையில அத சமன் பண்ண கால்சைட் கிடையாது. கொலராடோவுல சம்மிட்வில் சுரங்கத்த 1992ல அப்படியே விட்டுட்டு போனாங்க, அமிலத் தண்ணியும் உலோகமும் ஆத்துக்குள்ள இறங்கி அரசாங்கம் தான் சுத்தம் பண்ண வேண்டி வந்துச்சு. தாது எந்த வகைன்னு ஆரம்பத்துலயே தெரிஞ்சுக்கறது எவ்வளவு முக்கியம்னு எனக்கு இத விட வலுவா சொல்லத் தெரியல, கீழ் ஆத்துல இருக்குறவங்களுக்கு இது கிரேடு (தாதுச் செறிவு) விஷயம் இல்ல.

வெந்நீர்ஊற்று:

கனிமக்கலை சொன்னத ஏத்துக்கறேன், வெள்ளி ஈயம் ரகத்துல கலப்புக்கு பங்கு இருக்கு. ஆனா அந்தச் சுரங்கங்கள்லயும் செறிவான துண்டுகள்ல கொதியோட தடயம் இருக்கத்தான் செய்யுது, அதனால என் பக்கத்த முழுசா விட மாட்டேன்.

பாறையோட பங்கு பத்தி ஒண்ணு விட்டுப்போச்சு. பாறை தங்கம் குடுக்காட்டியும் வீடு குடுக்குது. கெட்டியான ஆண்டிசைட் உடைஞ்சா பிளவு திறந்தே நிக்கும், அதனால தெளிவான அகலமான வெயின் கிடைக்கும். களிமண்ணா மாறுன டஃப்ல (எரிமலைச் சாம்பல் பாறை) அதே ஃபால்ட் போனா பிளவு மூடிக்கும், வெயின் முடி முடியா சிதறிப் போகும். நெவாடாவுல ரவுண்ட் மவுன்டன்ல இது ஒரே இடத்துல தெரியும், சூட்டுல ஒட்டி இறுகி நல்லா வெல்ட் ஆன சாம்பல் பாறையில தங்கம் வெடிப்புகள்ல இருக்கு, சரியா வெல்ட் ஆகாத நுண்துளைப் பாறையில அப்படியே பரவிக் கிடக்கு. அதே தண்ணி, அதே தங்கம், பாறை மட்டும் வேற.

ஃபால்ட்லயும் எல்லா இடமும் ஒண்ணில்ல. நிலம் இழுபட்டு ஒரு பக்கம் கீழ இறங்குன நார்மல் ஃபால்ட் செங்குத்தா போற பகுதியில தான் திறக்கும், சாஞ்சு போற பகுதி இறுக்கமா இருக்கும். ஃபால்ட் வளையற இடம், ரெண்டு ஃபால்ட் சந்திக்கிற இடம், அங்க தான் தாதுக் கொழுப்பு. இன்னொண்ணு, சிலிக்கா படிஞ்சு படிஞ்சு வழி அடைச்சுக்கும், கீழ அழுத்தம் ஏறும், ஒரு நிலநடுக்கத்துல உடையும், அழுத்தம் திடீர்னு சரிஞ்சு மொத்தமா ஒரே மூச்சுல கொதிக்கும். கனிமக்கலை சொன்ன அந்தக் கருப்புக் கோடு ஒவ்வொண்ணும் அப்படி ஒரு நாளோட கணக்குன்னு தான் எனக்குத் தோணுது. நடுவுல இருக்குற வெள்ளைப் பட்டை அமைதியான காலம், தங்கம் இல்ல.

கல்தேடி:

கடைசியா ஒண்ணு கேட்டுக்கறேன், தொல்லைக்கு மன்னிக்கணும். அடுத்த மாசம் எங்கள ஒரு கோர் ஷெட்டுக்கு (துளைபோட்டு எடுத்த பாறைத் தண்டுகள வைக்கிற கொட்டகை) கூட்டிட்டு போறாங்க, ஆண்டிசைட்ல போட்ட எபிதெர்மல் ட்ரில் ஹோல். அசே ரிசல்ட் காட்ட மாட்டாங்களாம், கோர மட்டும் பாத்து கொதிமட்டத்துக்கு மேல இருக்கோமா கீழ இருக்கோமான்னு சொல்லணுமாம். எத பாக்கணும்?

கனிமக்கலை:

முதல்ல தட்டு தட்டான குவார்ட்ஸ தேடுங்க. கொதிக்கிறப்ப கார்பன் டை ஆக்சைடு ஓடுறதால பிஹெச் ஏறி கால்சைட் மெல்லிசான பிளேடு பிளேடா வளரும், பின்னாடி குவார்ட்ஸ் வந்து அதோட இடத்த புடிச்சுக்கும், ஆனா பிளேடு வடிவம் மட்டும் அப்படியே நிக்கும். கத்திகள குறுக்கும் நெடுக்குமா சொருகி வச்ச மாதிரி நடுவுல காலி இடத்தோட இருக்கும், ஒரு தடவை பாத்தா மறக்காது. அது இருந்தா இங்க கொதி நடந்திருக்குன்னு தைரியமா சொல்லலாம். ஆனா பிளேடு இருந்தாலே தங்கம்னு சொல்லிடாதீங்க, நிறைய தரிசு வெயின்லயும் பிளேடு இருக்கு, கொதிச்ச தண்ணியில தங்கமும் இருந்திருக்கணும்ல. பால் நிறத்துலயோ லேசான இளஞ்சிவப்புலயோ சின்ன சாய்சதுரப் படிகம் தெரிஞ்சா அடுலேரியா, அதுவும் பிஹெச் ஏறுனதுக்கு சாட்சி. குவார்ட்ஸ் பெரிய பெரிய சீப்புப் படிகமா, பட்டையே இல்லாம, கலேனா ஸ்ஃபாலரைட்டோட இருந்தா நீங்க கீழ வந்துட்டீங்க. சால்செடோனியும் ஓபலும் மட்டும், பைரைட் கூட ஸ்டிப்னைட்டோ (ஆன்டிமனி தாது) சிவப்பு சின்னபாரோ (பாதரசத் தாது) தெரிஞ்சா மேல இருக்கீங்க, அப்ப ஹோல ஆழமா போடணும்னு சொல்லுங்க. கலிபோர்னியாவுல மெக்லாஃப்லின் தங்கச் சுரங்கமே ஒரு பழைய பாதரசச் சுரங்கத்துக்கு அடியில தான் கிடைச்சுது.

வெந்நீர்ஊற்று:

வெயின மட்டும் பாத்துட்டு சுத்துப்பாறைய விட்டுடாதீங்க தம்பி, எல்லாரும் பண்ற தப்பு அது தான். தள்ளி இருக்குற ஆண்டிசைட் பச்சையா இருக்கும், குளோரைட்ங்கற பச்சைக் கனிமம், கால்சைட். பிஸ்தா பச்சையில எபிடோட் தெரிஞ்சா அங்க 240 டிகிரிக்கு மேல சூடு இருந்திருக்கு. வெயின நெருங்க நெருங்க பச்சை வெளுத்து களிமண் ஆகும். அந்தக் களிமண் என்னங்கறது தான் விஷயம், ஸ்மெக்டைட்டுன்னா 150 டிகிரிக்கு கீழ, இல்லைட்டுன்னா 220க்கு மேல, நடுவுல ரெண்டும் கலந்த அடுக்கு. கண்ணால பிரிக்கிறது கஷ்டம், ஈரப்படுத்தி பாத்தா ஸ்மெக்டைட் ஊதி கோர் உதிரும், அது ஒரு குறிப்பு. கோர் ஷெட்ல ஷார்ட்வேவ் இன்ஃப்ராரெட் மெஷின் (களிமண் வகைய பிரிச்சுக் காட்டும்) இருந்தா கேட்டு வாங்கி ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ரீடிங் எடுங்க. இல்லைட் எந்த ஆழத்துல ஆரம்பிக்குதுன்னு குறிச்சு, பிளேடு குவார்ட்ஸ் எந்த ஆழத்துலன்னு பக்கத்துலயே குறிச்சு, ரெண்டையும் ஒரே தாள்ல வரைங்க. அப்புறம் அன்னைக்கு கொதிச்ச தண்ணி 220 டிகிரின்னு வச்சுக்கிட்டா அதுக்கு மேல எவ்வளவு பாறை அரிச்சுப் போயிருக்குன்னு நீங்களே கணக்கு போடலாம். கோர் படம் எடுக்க விட்டாங்கன்னா இங்க போடுங்க, பெட்டி நம்பரும் ஆழமும் தெரியற மாதிரி, ஈரமா ஒரு படம், காஞ்சதா ஒரு படம்.